யாழுறுப்பும் வீணையுறுப்பும்

யாழ் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர் உள்ளத்தில் எழும் உருவம் பெரும்பாலும் வீணையே ஆகும். சங்ககாலப் பாணன் சுரம் கடந்து வள்ளலை நாடிச் செல்லும் காட்சியை வரையும் ஓவியரும் அவன் தோளில் கலைமகளின் வீணையையே சார்த்திவிடுகின்றனர். ஆங்கிலத்தில் எழுதுவோர் ஒரே கருவியை ஓரிடத்தில் 'ஹார்ப்' என்றும், வேறோரிடத்தில் 'லூட்' என்றும், மற்றோரிடத்தில் 'லயர்' என்றும் குறிக்கின்றனர். இவை மூன்றும் ஒன்றற்கொன்று வேறான கருவிகள். சொல்லில் நேர்ந்த இம்மயக்கம் சொல்லோடு நின்றிருந்தால் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் தமிழிசையின் வரலாறே இதன்மேல் எழுப்பப்படுகிறது. பழந்தமிழரின் பாலைகளையும் பண்களையும் கணக்கிட முற்படுவோர், அவை எத்தகைய கருவியில் பிறந்தன என்பதை முதலில் துணிந்தாக வேண்டும். அத்துணிவுக்குக் கருவியின் பெயர் போதாது. பெயர் ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்குத் தாவும் இயல்புடையது. உறுப்புகளின் பெயர்களோ அவ்வவற்றின் வடிவையும் தொழிலையும் ஒட்டியே நிற்பன. ஆதலின் உறுப்புகளைப் பற்றியே இங்கு ஆராய்வோம்.

சிலப்பதிகாரத்தின் கானல்வரி, யாழுக்குரிய உறுப்புகளாகப் பத்தர், கோடு, ஆணி, நரம்பு என்னும் நான்கினை எண்ணிக் காட்டுகிறது. பத்தர் என்பது குடைந்து செய்யப்பட்ட ஒலிக்கலம். கோடு அதிலிருந்து எழுந்து வளைந்து நிற்கும் தண்டு. நரம்புகள் பத்தரில் தொடங்கிக் கோட்டில் முடிவன. இந்நான்கும் எவ்வாறு அமைந்திருந்தன என்பதை அறிய நாம் செல்ல வேண்டிய இடம் கரிகாற்சோழனைப் பற்றி முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படை. அதன் தொடக்கத்திலேயே ஒரு யாழின் முழு உருவமும் உவமைகளால் வரையப்பட்டுள்ளது. அவை வெறும் அணிகள் அல்ல என்பது என் கருத்து. கருவி செய்யும் தச்சன் கையில் கொடுத்தால் அவன் அளவெடுத்துக்கொள்ளக் கூடிய குறிப்புகள் அவை.

மானின் குளம்பு மண்ணில் பதிந்த இடம்போலப் பத்தர் இருபுறமும் தாழ்ந்து நடுவில் உயர்ந்திருக்குமாம். அதன்மேல் விளக்கின் சுடர் போன்ற நிறமுடைய தோல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இத்தோலுக்குப் 'பச்சை' என்றும் 'போர்வை' என்றும் பெயர். தோலின் நடுவே செல்லும் தையல், இளஞ்சூல் கொண்ட சிவந்த மகளின் வயிற்றில் ஓடும் மெல்லிய மயிரொழுங்குக்கு ஒப்பிடப்படுகிறது. வறுவாய் எட்டாம் நாள் திங்களைப் போன்றது. உள்நாக்கு இல்லாத வாயைப் போன்றது. தலையெடுத்த பாம்புபோல நிமிர்ந்த கருங்கோட்டுக்கு 'மருப்பு' என்னும் பெயரும் உண்டு. அக்கோட்டில், கருநிற மகளின் முன்கையில் நெருங்கிக் கிடக்கும் வளையல்கள் போலத் திவவு கட்டப்பட்டிருக்கும்.

இங்கு 'ஆணி' என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். இன்றைய வாசகர் ஆணி என்றதும், நரம்பை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிரடையையே எண்ணுவர். பொருநராற்றுப்படையின் ஆணியோ, வளையில் வாழும் நண்டின் கண்போலத் துளையின் வாயை அடைத்துத் தோன்றுவது. தோலையும் பத்தரின் விளிம்பையும் சேர்த்து முடுக்குவதே அதன் தொழில். சுருதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவ்வாறாயின் நரம்பின் சுருதியைச் சேர்த்தது எது? இவ்வினாவுக்கு விடை திவவு என்னும் சொல்லில் இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் நடுவில் தமிழிசை ஆராய்ச்சியில் எழுந்த பெரும் வழக்கொன்றும் இச்சொல்லையே பற்றிக்கொண்டது.

ஒரு பக்கம் விபுலாநந்த அடிகள். மட்டக்களப்புப் பகுதியிலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்தவர். அறிவியல் பட்டம் பெற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். பல்லாண்டு உழைத்து அவர் எழுதிய யாழ் நூல் 1947 சூனில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். வளைந்த கோட்டில் பல நரம்புகளைக் கட்டி, ஒவ்வோர் இசைக்கும் ஒவ்வொரு நரம்பை மீட்டும் கருவியே யாழ் என்பது அவர் முடிபு. மறு பக்கம், 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை 1917இல் வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் மகனார் வரகுண பாண்டியன். 1950இல் வெளிவந்த 'பாணர் கைவழி எனப்படும் யாழ் நூல்' என்னும் தம் நூலில், யாழும் வீணையும் வேறல்ல என அவர் வாதிட்டார். இக்கொள்கையினர்க்குத் திவவு என்பது வீணையின் மெட்டேயாகும். தண்டைச் சுற்றி வளையல்போல் அடுக்கடுக்காகக் கிடப்பது மெட்டல்லாமல் வேறென்ன என்பது அவர்தம் கேள்வி.

இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. தண்டைச் சுற்றி நரம்பாலேயே மெட்டுகளைக் கட்டும் வழக்கம் உலகில் பல நாடுகளில் உண்டு. அவை பார்வைக்கு வளையல் அடுக்கையே ஒத்திருக்கும். ஆயினும் நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை இவ்வழக்கைத் தீர்த்துவைக்கிறது என்று கருதுகிறேன். அங்குத் திவவுக்குக் கூறப்படும் உவமை, பாம்பைப் பற்றிய கருங்குரங்கின் கை. பாம்பு சீறித் தலையெடுக்கும்போது குரங்கின் பிடி நெகிழும், அடங்கும்போது இறுகும். கோட்டைப் பற்றிய திவவும் அவ்வாறே நெகிழ்வதும் இறுகுவதுமாய் இருக்கும் எனப் புலவர் பாடுகிறார். மெட்டுக்கு நெகிழ்வதும் இறுகுவதும் தொழிலல்ல. வாசிக்கும் வேளையில் மெட்டு நெகிழ்ந்தால் கருவியே பழுதாம். நெகிழ்த்தும் இறுக்கியும் பயன்கொள்ளப்படுவது சுருதி சேர்க்கும் கட்டு ஒன்றே. உரையாசிரியர்களும் திவவுக்கு வார்க்கட்டு என்றும் வலிக்கட்டு என்றும்தான் பொருள் கூறினர். நரம்பின் முனையைக் கோட்டோடு பிணித்த இவ்வாரை மேலும் கீழும் நகர்த்தினால் நரம்பு விறைக்கும் அல்லது தளரும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது சொல்லாராய்ச்சியைச் சார்ந்ததன்று. வில்லை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். அதன் நாண் வில்லின் உடலைத் தொடாமல் விலகி நிற்கிறது. வளைகோட்டு யாழின் நரம்பும் அப்படித்தான். கோட்டில் எத்தனை மெட்டு வைத்தாலும், விலகி நிற்கும் நரம்பை அவற்றின்மேல் விரலால் அழுத்த இயலாது. மெட்டுக்கு அங்கு இடமே இல்லை.

வில்லை இங்குக் குறிப்பிட்டது உவமைக்காக மட்டுமன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் இடையன் ஒருவன் வருகிறான். குமிழ மரத்தின் உட்டுளையுடைய கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டிய வில்யாழில் அவன் குறிஞ்சிப்பண் வாசிக்கிறான். பத்தரும் இல்லை, பச்சையும் இல்லை. வேட்டை வில்லிலிருந்து இசைக்கருவி பிறந்த நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இலக்கியச் சான்று அரிது. இவ்வில்லோடு ஒலிக்கலம் ஒன்றைப் பொருத்தி, நரம்புகளைப் பெருக்கினால் கிடைப்பது பாணனின் யாழ்.

சொற்களின் பொருளையும் நோக்குவோம். கோடு, மருப்பு ஆகிய இரண்டும் விலங்கின் கொம்பைக் குறிப்பன; கொம்பு வளைவது. வீணையில் அவ்விடத்தைப் பெற்ற உறுப்போ தண்டி எனப்படுகிறது. தண்டு நேராக நிற்பது. யாழின் ஒலிக்கலம் பத்தர். நீர் இறைக்கும் மரத்தொட்டிக்கும் பத்தல் என்பதே பெயர். வீணையினுடையது குடம். யாழின் பத்தரைத் தோல் மூடும். வீணையின் குடத்தை மரப்பலகை மூடும். யாழில் கட்டியது நரம்பு. அஃது உயிருடம்பின் நரம்பையும் குறிக்கும் சொல். கருவியில் ஏறிய பின் இசையின் பெயராகவும் ஆயிற்று. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழையும் 'ஏழு நரம்பு' என்றே நம் முன்னோர் வழங்கினர். ஒரு நரம்புக்கு ஓர் இசை என்னும் அமைப்புடைய கருவி இல்லாவிடில் இவ்வழக்குத் தோன்றியிராது. வீணையில் கட்டுவது தந்தி. அஃது உலோகக் கம்பி. (தந்தி என்றதும் அஞ்சலகத்தையும் இறப்புச் செய்தியையும் நினைத்து அஞ்சிய தலைமுறையில் நானும் ஒருவன். கம்பி வழியே வந்த செய்திக்குக் கம்பியின் பெயரே அமைந்தது.)

பாலைகளின் இலக்கணமும் இதனையே உறுதி செய்கிறது. செம்பாலையில் தொடங்கி, எந்த நரம்பைக் குரலாகக் கொள்கிறோமோ அதற்கேற்பப் படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏனைய ஆறும் பிறக்கும். கண்முன் வரிசையாக நிற்கும் நரம்புகளில் தொடங்குமிடத்தை மட்டும் மாற்றுவது யாழோனுக்கு எளிய செயல். அவன் கை இயல்பாகக் கண்டறிந்த ஒன்றே பின்னர் இலக்கணமாயிற்று.

இனி, தமிழுக்கு வெளியே சென்று பார்ப்போம். மிலிந்தனின் வினாக்கள் எனப்படும் பாலிமொழிப் பௌத்த நூல், பல உறுப்புகள் கூடியவழியே ஒலி பிறக்கும் என்பதற்கு வீணையை எடுத்துக்காட்டாக்கி, அதன் உறுப்புகளை எண்ணுகிறது. அப்பட்டியலில் தோல் உண்டு, தோணி உண்டு, தண்டம் உண்டு, தந்தி உண்டு, மீட்டும் கோணமும் உண்டு. தோணி என்பது குடைந்த மரத்தொட்டி. நம் பத்தரே அது. மெட்டைக் குறிக்கும் சொல் ஒன்றும் அங்கில்லை. வடமொழி, பாலி நூல்களில் வரும் இவ்வுறுப்புப் பெயர்களைச் சிற்பங்களோடு ஒப்பிட்டு, பண்டைய வீணை வில்வடிவக் கருவியே என்று 1930இல் எழுதினார் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் பிறந்த இவர் சர் முத்துக்குமாரசாமியின் மைந்தர். வீணையின் உறுப்புகள் என்பதே அக்கட்டுரையின் தலைப்பு. யாழையும் பழைய வீணையையும் அவற்றின் உரிய உருவில் மீட்டுத் தந்த இருவரும் ஈழத்தமிழ்க் குருதியினர் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி.

கல்லும் பொன்னும் இதற்குச் சான்று பகர்கின்றன. அமராவதிச் சிற்பங்களில் மகளிர் ஏந்தியிருப்பது வளைகோட்டுக் கருவி. 4ஆம் நூற்றாண்டில் ஆண்ட சமுத்திரகுப்தன் வெளியிட்ட பொற்காசு ஒன்றில் அவ்வேந்தன் மடியில் வைத்து மீட்டுவதும் அதுவே. ஆகவே, வீணை என்னும் பெயரை ஒரு பழைய நூலில் கண்டவுடன் இன்றைய தஞ்சாவூர் வீணையை அதற்குள் புகுத்துவது தவறு. வடபுலத்தார் வீணை என்றதும், நாம் யாழ் என்றதும் ஒருகாலத்தில் ஒரே இனக் கருவியாய் இருந்திருக்கின்றன. அவ்வினம் வழக்கொழிந்தபோது யாழ் என்னும் பெயர் கருவியோடு மறைந்தது. வீணை என்னும் பெயரோ புதிய கருவிக்குக் குடிபெயர்ந்தது. திருவாசக ஆசிரியர் தம் திருப்பள்ளியெழுச்சியில் வீணை இசைப்போரையும் யாழ் இசைப்போரையும் தனித்தனியே குறிப்பதால், அவர் காலத்தில் இரண்டும் அருகருகே வாழ்ந்தன என்று கொள்ளலாம்.

யாழ் ஏன் மறைந்தது? வடவர் செல்வாக்கே காரணம் என்று கூறி முடித்துவிடுவோர் நம்மிடையே உண்டு. எனக்கு அவ்விடை நிறைவு தரவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. திருஎருக்கத்தம்புலியூரைச் சேர்ந்த அப்பாணர் சம்பந்தப் பெருமானின் பதிகங்களை யாழில் இட்டு வாசித்து வந்தார். தருமபுரத்தில் அவர்தம் உறவினர், பதிகங்களுக்குப் புகழ் யாழினால் வந்தது என்று பேச, பாணர் வருந்தி, யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடுமாறு வேண்டினார். சம்பந்தரும் பாடினார், அது யாழில் அடங்கவில்லை. பாணர் தம் யாழை உடைக்க ஓங்கினார். பத்தியின் பெருமையைக் கூறும் வரலாறு இது. ஆயினும் இதனுள் ஒரு கருவியின் எல்லையும் பதிவாகியுள்ளது. ஒரு நரம்புக்கு ஓர் இசை என நிற்கும் கருவியில், ஓர் இசையிலிருந்து மற்றோர் இசைக்கு வழுக்கிச் செல்லும் நெளிவுகளையும் அசைவுகளையும் முழுமையாக எழுப்புவது அரிது. மிடற்றிசை அத்திசையில் வளர வளர, யாழ் பின்தங்கியது. நரம்பைப் பெருக்கி ஈடுசெய்யவும் வழியில்லை. பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என அடியார்க்குநல்லார் உரை வழியே அறிகிறோம். 21 நரம்புகளின் இழுப்பையும் தாங்க வேண்டியது ஒற்றைக் கோடு. ஐரோப்பியர் தம் ஹார்ப்புக்கு முன்புறம் தாங்குதூண் ஒன்றை நிறுத்தினர். எரார் என்பார் 1810இல் காலால் மிதித்து அரைச்சுரம் மாற்றும் பொறியையும் அதில் நிறைவு செய்தார். நம் யாழுக்கு அவ்விரண்டும் வாய்க்கவில்லை. அதனைப் போற்றி வந்த பாணர் குலமும் புரவலரை இழந்து நலிந்தது.

செங்கோட்டியாழ் மட்டும் இவ்வாராய்ச்சியில் தனித்து நிற்கிறது. செங்கோடு என்பது நேரான கோடு. கோடு பொதுவாக வளைந்திருந்தமையால்தான் இதற்குச் 'செம்மை' என்னும் அடை வேண்டியிருந்தது. நேரான தண்டும் ஏழே நரம்பும் உடைய கருவியை வீணையின் முன்னோடி எனக் கருத இடமுண்டு. வரகுண பாண்டியனார் கொள்கையின் வலிமையான பகுதி இதுவே. ஆனால் நால்வகை யாழில் ஒன்றுக்குப் பொருந்துவதை ஏனைய மூன்றுக்கும் ஏற்றியுரைப்பது அளவைக்கு ஒவ்வாது.

மெட்டுடைய கருவியைச் சாரங்கதேவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சங்கீத ரத்நாகரம் கின்னரி வீணை என விவரிக்கிறது. தஞ்சை நாயக்கர் இரகுநாதர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டவர். 24 மெட்டுகளையும் நிலையாகப் பதித்த இன்றைய வீணை அவர் அவையில் உருப்பெற்றது என்பது மரபு. அதன் உறுப்புகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பலாமரத்தில் குடைந்த குடம், அதன்மேல் பலகை, பலகையில் குதிரை, நீண்ட தண்டி, தண்டியின் இருமருங்கும் மெழுகுக் கட்டு, மெழுகில் பதித்த வெண்கல மெட்டுகள், ஏழு தந்திகளுக்கு ஏழு பிரடைகள், சுருதியை நுட்பமாகத் திருத்த லங்கர், மறுமுனையில் தந்திகளைப் பிணிக்கும் நாகபாசம், யாளிமுகம், அதன்பக்கம் தாங்கலாக ஒரு சுரைக்காய். இசை எழுப்பும் தந்தி நான்கே. ஏனைய மூன்றும் தாளத்திற்குரியன. இந்நான்கும் 24 மெட்டுகளும் சேர்ந்து தரும் இசைகளைப் பேரியாழ் தன் 21 நரம்பாலும் தந்திருக்க முடியாது. தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்தால் யாழ்ப்பாணர் தவித்த அந்நெளிவுகளும் கைகூடும். இங்கே பத்தரும் இல்லை, பச்சையும் இல்லை, திவவும் இல்லை. அங்கே பலகையும் குதிரையும் மெட்டும் இல்லை. ஒரே கருவி வளர்ந்து மாறியதாயின், பழைய உறுப்புப் பெயர்களில் சிலவேனும் எஞ்சியிருக்க வேண்டாவா?

யாழினம் உலகில் முற்றும் அழிந்துவிடவில்லை. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மக்களின் குடிப்பாணர்களான பர்தான்களிடம் பின்பாஜா என்னும் சிறிய வளைகோட்டுக் கருவி இருந்து வந்துள்ளது. ஆனால் நமக்கு அண்மையில், அரசவைச் சிறப்போடு வாழ்ந்து வந்திருப்பது பர்மிய நாட்டின் சாவுங். படகு வடிவில் குடைந்த பத்தர், அதன்மேல் இழுத்துப் போர்த்திப் பெரும்பாலும் செந்நிறம் பூசிய மான்தோல், வேலமர இனத்தின் வேரிலிருந்து எடுத்த வளைந்த கோடு, 16 நரம்புகள். பொருநராற்றுப்படையைக் கற்பிக்கும் ஆசிரியர் இக்கருவியின் ஒளிப்படம் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுசெல்வாராயின், உரை விளக்கம் பாதி குறையும்.

சாவுங்கின் நரம்புகள் கோட்டில் வந்து முடியுமிடத்தில் சிவந்த பருத்திக் கயிறுகள் ஒன்றையடுத்து ஒன்றாகச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். அவற்றின் குஞ்சங்கள் கீழே தொங்கும். கலைஞர் அக்கட்டை இரு கைகளாலும் பற்றி முறுக்கி நகர்த்திச் சுருதி சேர்ப்பார். முன்கையில் அடுக்கிய வளையல் என்று முடத்தாமக்கண்ணியாரும், பாம்பைப் பற்றிய குரங்கின் கை என்று நத்தத்தனாரும் கூறியது இதனையே அன்றி வேறன்று. பட்டு நரம்பு இருந்த இடத்தில் இப்போது நைலான் இழை வந்துவிட்டது. கயிற்றுக் கட்டு சுருதியை நெடுநேரம் தாங்குவதில்லை என்பதால், அண்மைக் காலத்தில் செய்யப்படும் சாவுங்குகள் பலவற்றில் அதனை நீக்கிவிட்டுக் கித்தாருக்குரிய திருகாணிகளைப் பொருத்துகின்றனர். குஞ்சங்களை மட்டும் அழகுக்காகத் தொங்கவிடுவோரும் உளர்.